கம்பெனியோடு போகாத பாலிசி: கொருக்குப்பேட்டைக் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2022 நவம்பரில் வடசென்னையின் கொருக்குப்பேட்டையில் ஒரு ஃபிட்டர் மாரடைப்பால் இறந்தார். அவருக்கு வயது ஐம்பத்தாறு என்றது ஆதார். ஐம்பத்தேழு என்றது பள்ளி மாற்றுச் சான்றிதழ். இந்த வேறுபாடு பிறகு இந்தத் தேடலையே ஒரு கட்டத்தில் முடக்கிப்போட்டது என்பதால் அதை முதலிலேயே குறித்துவைக்கிறேன். மனைவி, மகன், திருமணமாகிப் பொன்னேரியில் இருக்கும் மகள் ஆகிய மூவரும் வாரிசுகள். வீட்டில் எந்தக் காப்பீட்டுப் பத்திரமும் இல்லை. அவர் எப்போதாவது பேச்சுவாக்கில் சொன்ன ஒரு வாக்கியம்தான் இருந்தது: "கம்பெனில ஒரு எல்.ஐ.சி. புடிச்சாங்க, கம்பெனி மூடுனப்பவே அதுவும் பூட்ச்சு."

அவர் அப்படி நம்பியதில் வியப்பில்லை. திருவொற்றியூர், எண்ணூர், மணலிப் பகுதித் தொழிற்சாலைகளில் வேலை செய்து, கதவடைப்பும் மூடலும் கண்ட தலைமுறையில் பலர், சம்பளத்தில் பிடிக்கப்பட்ட எதுவும் கம்பெனி போனால் கூடவே போய்விடும் என்றே எண்ணிக்கொண்டார்கள். வருங்கால வைப்புநிதியை மட்டும் அலைந்து வாங்கினார்கள், மற்றதைக் கைகழுவினார்கள். இந்தக் குடும்பத்துக்கு ஆவண வேலைகளில் உதவிய முறையில் நான் கண்டது, அந்த நம்பிக்கை தவறு என்பதையும், பத்திரத்தைத் தேடுவதைவிடப் பிரீமியம் போன வழியைத் தேடுவதே பயன் தரும் என்பதையும்தான். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களைத் தவிர்த்து, குடும்பத்தாரின் இசைவோடு இதை எழுதுகிறேன்.

எங்கே கேட்பது என்ற கேள்வி

இறந்தவர் பெயரில் எந்த நிறுவனத்திலாவது ஆயுள் காப்பீடு இருக்கிறதா என்று வாரிசுகள் ஒரே இடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பொதுப் பதிவேடு நம் நாட்டில் இல்லை. மின்னணுக் காப்பீட்டுக் கணக்கு என்ற ஏற்பாடு இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் சேர்க்கப்பட்ட பாலிசிகள் மட்டுமே அதில் தெரியும். தொண்ணூறுகளில் காகிதத்தில் கொடுக்கப்பட்டு, அதன்பின் யாரும் தொடாத ஒரு பாலிசியை அங்கே எதிர்பார்க்க முடியாது.

இதற்கு மாற்றாக இருப்பது உரிமை கோரப்படாத தொகைகளின் தேடல் வசதி. 1,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் உரிமை கோரப்படாமல் கிடக்கும் தொகைகளின் விவரத்தை ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் தன் இணையதளத்தில் தேடிப் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. மகன் இதைத் தானாகவே கண்டுபிடித்து, தந்தையின் பெயரையும் ஆதாரில் இருந்த பிறந்த தேதியையும் கொடுத்து, கைபேசியில் ஒவ்வொரு நிறுவனத்தின் தளமாகத் தேடியிருந்தார். எதிலும் எதுவும் வரவில்லை. அதனால் பாலிசியே இல்லை என்ற முடிவுக்கு வந்திருந்தார். அந்த முடிவைத்தான் முதலில் சற்று நிறுத்திவைக்கச் சொன்னேன். இப்படிப்பட்ட தேடலில் விடை வராததற்குப் பொருள், கொடுத்த பெயரும் தேதியும் பதிவோடு பொருந்தவில்லை என்பது மட்டுமே.

அதைவிட முக்கியமாக, அத்தனை நிறுவனங்களையும் தேட வேண்டிய தேவையே இருக்கவில்லை. திருமணம் 1996-இல் நடந்தது. பாலிசி எடுத்தது அதற்கு முன்பு என்று மனைவிக்கு மாமியார் சொன்ன நினைவு இருந்தது. 1956 செப்டம்பர் 1 அன்று, அதுவரை இயங்கிய 245 காப்பீட்டு நிறுவனங்களையும் சங்கங்களையும் இணைத்து இந்திய ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொடங்கப்பட்டது. அன்றிலிருந்து 2000-ஆம் ஆண்டில் தனியாருக்கு மீண்டும் உரிமம் வழங்கப்படும்வரை, ஆயுள் காப்பீடு என்றால் அந்தக் கழகம்தான். 1884-இல் தொடங்கிய அஞ்சல் ஆயுள் காப்பீடு கூடவே இருந்ததென்றாலும், அது அன்று அரசு மற்றும் அரசு சார்ந்த ஊழியர்களுக்கானது. தனியார் தொழிற்சாலையில் டோக்கன் எண்ணோடு (தொழிலாளிக்குத் தொழிற்சாலை தரும் அடையாள எண்) வேலை பார்த்த ஒரு ஃபிட்டருக்கு அதில் இடமில்லை. ஆக, தொண்ணூறுகளின் முதல் பாதியில் எடுத்த பாலிசியைப் பொறுத்தவரை, எந்த நிறுவனம் என்ற கேள்விக்குக் காலமே விடை சொல்லிவிடுகிறது. எந்தக் கிளை, எந்த எண் என்பவைதான் மீதி.

பாஸ்புக் சொன்னதும் சொல்லாததும்

பழைய பாலிசிக்குப் போவதற்கு முன், அவருடைய வங்கிப் பாஸ்புக்கை முழுவதும் அச்சிட்டு வாங்கச் சொன்னேன். 2000-க்குப் பின் எடுத்த எந்தக் காப்பீட்டையும் பெரும்பாலும் அங்கேதான் பிடிக்க முடியும். தவணை தானியங்கி முறையில் போயிருந்தால் நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கம் வரியில் இருக்கும். ஆண்டுக்கொரு முறை ஒரே மாதத்தில் ஒரே தொகை போயிருந்தால் அதையும் விசாரிக்க வேண்டும்.

இவருடைய பாஸ்புக்கில் 2015 முதல் 2020 வரை ஆண்டுதோறும் 330 ரூபாயும், தனியே 12 ரூபாயும் கழிந்திருந்தன. 330 என்பது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுத் திட்டத்தின் அன்றைய பிரீமியம். 2022 ஜூன் முதல் அது 436 ரூபாயாகிவிட்டது. எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம் ரூபாய் தரும் இந்தத் திட்டத்தைப் பார்த்ததும் குடும்பத்துக்கு நம்பிக்கை வந்தது. ஆனால் இது 18 முதல் 50 வயதுக்குள் சேர்ந்து, 55 வயதுவரை மட்டுமே தொடரக்கூடியது. ஆண்டுதோறும் ஜூன் 1 முதல் மே 31 வரைக்கான பாதுகாப்பு. வங்கியில் இருந்த ஆதார் தேதியின்படி 2021 ஜனவரியில் அவருக்கு 55 நிறைந்துவிட்டது. அந்த மே மாதத்தில் பணம் கழியவில்லை. 2022 நவம்பரில் இறந்தவருக்கு அங்கே உரிமை எதுவும் இல்லை. 12 ரூபாய் என்பது விபத்துக்கான சுரக்‌ஷா திட்டத்தின் பழைய பிரீமியம். அது 2022 ஜூன் முதல் 20 ரூபாயாகி, அந்த ஆண்டுக்கும் கழிந்திருந்ததால் பாதுகாப்பு நடப்பில்தான் இருந்தது. ஆனால் மாரடைப்பு விபத்தாகாது.

வைப்புநிதி உறுப்பினர் பணியில் இருக்கும்போதே இறந்தால், அதனோடு இணைந்த காப்பீட்டுத் திட்டத்தில் அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். பல குடும்பங்கள் இதை அறியாமலே விட்டுவிடுகின்றன. இவர் 2003-க்குப் பிறகு வைப்புநிதி பிடிக்காத சிறு பட்டறைகளில்தான் வேலை பார்த்தார் என்பதால் அந்த வழியும் அடைபட்டது.

சம்பளச் சீட்டில் ஒரு வரி

திருப்பம் வந்தது வைப்புநிதிக் கோப்பிலிருந்து. தொழிற்சாலை 2003-இல் மூடப்பட்டபோது, பி.எஃப். பணத்தைப் பெறுவதற்காக அவர் சேர்த்துவைத்த காகிதங்களை மனைவி தூக்கிப் போடாமல் ஒரு துணிப்பையில் கட்டிவைத்திருந்தார். அதில் 2002 செப்டம்பர் முதல் 2003 ஜனவரி வரையிலான சம்பளச் சீட்டுகள் இருந்தன. பிடித்தங்களின் வரிசையில் பி.எஃப்., இ.எஸ்.ஐ., சொசைட்டி ஆகியவற்றுக்குக் கீழே, எல்.ஐ.சி. என்று ஒரு வரி. எதிரே 173 ரூபாய். சீட்டின் தலைப்பில் அவருடைய டோக்கன் எண்.

பாலிசி எண் அதில் இல்லை. ஆனாலும் இந்த வரி பெரிய தடயம். தொழிலாளியின் சம்பளத்தில் பிரீமியத்தை நிறுவனமே பிடித்து, எல்லோருடைய தொகையையும் மொத்தமாகக் காப்பீட்டுக் கழகத்துக்குச் செலுத்தும் முறைக்குச் சம்பளச் சேமிப்புத் திட்டம் என்று பெயர். இதில் ஒவ்வொரு முதலாளி நிறுவனத்துக்கும் ஒரு குறியீட்டு எண் தரப்பட்டு, அந்த நிறுவனத்தின் பாலிசிகள் எல்லாம் அந்த எண்ணின் கீழ் பதிவாகியிருக்கும். எனவே குறியீட்டு எண்ணும் கிளையின் பெயரும் தெரிந்தால், பத்திரமே இல்லாமலும் தொழிலாளியின் பெயரையும் டோக்கன் எண்ணையும் கொண்டு பாலிசியைக் கண்டுபிடிக்க வழியுண்டு. வீட்டுப் பீரோவைக் குடைவதைவிட, கூட வேலை செய்த ஆளைத் தேடுவது மேல் என்று நான் சொன்னது இதனால்தான்.

அக்காலத்தில் முகவர்கள் தொழிற்சாலை வாசலிலும் கேன்டீனிலும் வந்து ஒரு பகுதித் தொழிலாளிகளுக்கு மொத்தமாகப் பாலிசி எழுதுவது சாதாரணம். இறந்தவரோடு தொழிற்சாலையின் அதே பிரிவில் வேலை பார்த்த, இப்போது எர்ணாவூரில் இருக்கும் ஒரு பெரியவரை மகன் தேடிப்பிடித்தார். "எங்க எல்லாருக்கும் ஒண்ணாத்தான் எழுதுனாங்க, உங்கப்பாவும் அன்னிக்கு இருந்தாரு" என்று சொல்லி, தன் பத்திரத்தை அவர் எடுத்துக் காட்டினார். பாலிசி தொடங்கியது 1993 மார்ச். கிளையின் முத்திரை, நிறுவனத்தின் குறியீட்டு எண், ஒன்பது இலக்கப் பாலிசி எண் மூன்றும் அதில் இருந்தன.

இதன்பின் மனைவியின் பெயரில் அந்தக் கிளைக்கு எழுத்துமூலமான விண்ணப்பம் கொடுக்கப்பட்டது. இறப்புச் சான்றின் நகல், கணவன் மனைவி உறவைக் காட்டும் ஆவணம், சம்பளச் சீட்டு, டோக்கன் எண், நிறுவனத்தின் பெயரும் குறியீட்டு எண்ணும், பெரியவரின் இசைவோடு அவருடைய பாலிசி எண், இவற்றோடு பள்ளி மாற்றுச் சான்றிதழின் நகலும் இணைக்கப்பட்டது. கடைசியாகச் சொன்னதுதான் பூட்டைத் திறந்தது. 1993-இல் ஆதார் ஏது? தொழிற்சாலையில் வேலைக்குச் சேரும்போது கொடுத்த பள்ளிச் சான்றிதழின் தேதியே, அதாவது 1965 ஆகஸ்டே, பாலிசியிலும் ஏறியிருந்தது. பெயரும் தந்தையின் முதலெழுத்து பின்னால் வரும்படி பதிவாகியிருந்தது. ஆதாரில் தந்தையின் பெயர் முழுமையாக இருந்தது. மகன் இணையத்தில் தேடியபோது விடை வராததற்கு இவையே காரணம். சரியான பெயரையும் தேதியையும் இட்டதும் அதே தேடல் பக்கம் அந்தத் தொகையைக் காட்டியது.

மூடிய பிறகும் நின்ற தொகை

பதிவின்படி அது 25 ஆண்டு எண்டோமெண்ட் பாலிசி, அதாவது இடையில் இறந்தாலும், முதிர்வு நாள்வரை உயிரோடு இருந்தாலும் தொகை தருவது. காப்பீட்டுத் தொகை 50,000 ரூபாய். மாதத் தவணைகள் 300. செலுத்தப்பட்டவை 1993 மார்ச் முதல் 2002 ஆகஸ்ட் வரை 114. இப்படிப்பட்ட பழைய பாலிசிகளில் மூன்று ஆண்டுகள் முழுதாகப் பிரீமியம் கட்டிவிட்டால், பிறகு கட்டாமல் நின்றாலும் பாலிசி அழிவதில்லை. கட்டிய தவணைகளின் விகிதத்துக்குச் சுருங்கி, பெய்டு-அப் என்ற நிலையில் முதிர்வு நாள்வரை காத்திருக்கும். 50,000-இல் 300-க்கு 114 என்றால் 19,000 ரூபாய். அதுவரை ஆண்டுதோறும் சேர்ந்திருந்த போனஸ் அதன்மேல் நிற்கும். புதிய போனஸ் மட்டும் சேராது. அந்தப் பழைய போனஸ், பெய்டு-அப் மதிப்பைவிடக் கூடுதலாகவே இருந்தது.

பாலிசி 2018 மார்ச்சில் முதிர்ந்துவிட்டது. அப்போது அவர் உயிரோடு, கொருக்குப்பேட்டையிலேயே இருந்தார். ஆனால் பாலிசியில் இருந்த முகவரி தண்டையார்பேட்டையின் பழைய வாடகை வீடு. அதை விட்டு 2004-இலேயே வந்துவிட்டார்கள். முகவரியை மாற்ற அவர் எழுதவில்லை; போய்விட்டதாக நினைத்த ஒன்றுக்கு யார் முகவரி மாற்றுவார்கள்? தொகை உரிமை கோரப்படாத கணக்கில் நின்று, அதற்குரிய முதலீட்டு வருவாயும் அதில் சேர்ந்துகொண்டிருந்தது. இப்படிப் பத்து ஆண்டுகளுக்குமேல் கிடக்கும் தொகையை மூத்த குடிமக்கள் நல நிதிக்கு நிறுவனங்கள் மாற்றிவிட வேண்டும். மாற்றிய பிறகும் 25 ஆண்டுகள்வரை காப்பீட்டு நிறுவனத்தின் மூலமே உரிமை கோரலாம். அதற்கும் பின்னர்தான் அது அரசுக்குச் சேரும். இந்தத் தொகை அந்த நிதிக்குப் போவதற்குள்ளாகவே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது.

நாமினி யார்?

பாலிசி எடுத்தபோது அவர் மணமாகாதவர். நாமினியாகத் தாயின் பெயரைக் கொடுத்திருந்தார். தாய் 2009-இல் இறந்துவிட்டார். திருமணத்துக்குப் பிறகு நாமினி மாற்றப்படவில்லை. இங்கே ஒரு சட்ட நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நாமினி என்பவர் பணத்தைப் பெற்று வாரிசுகளிடம் சேர்ப்பிப்பவர் மட்டுமே, உரிமையாளர் அல்லர் என்று சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதே நெடுங்காலம் நிலைத்த விதியாக இருந்தது. 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு 2015-இல் திருத்தப்பட்டபோது, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, மக்கள் ஆகியோர் நாமினியாக இருந்தால் தொகையின் பயனுக்கும் அவர்களே உரியவர்கள் என்ற நிலை வந்தது. எனவே தாய் உயிரோடு இருந்திருந்தால், முழுத்தொகையும் தமக்கே என்று அவர் கேட்க இடமிருந்திருக்கும். இருபத்தாறு ஆண்டுகள் உடன் வாழ்ந்த மனைவி பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். திருமணமானதும் நாமினியை மாற்றச் சொல்லி நான் எல்லோரையும் நச்சரிப்பது இதனால்தான்.

நாமினி முன்பே இறந்துவிட்டதால் தொகை வாரிசுகளுக்கு வந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் மூவரும் முதல் வகுப்பு வாரிசுகள், மூவருக்கும் சமபங்கு. "அக்காவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சே, கையெழுத்து அம்மாவோடது போதாதா சார்?" என்று மகன் கேட்டார். போதாது. மணமான மகளும் வாரிசுதான். அவர் விட்டுக்கொடுக்க விரும்பினாலும் அதை எழுத்தில்தான் செய்ய வேண்டும். அம்மாவின் கணக்கிலேயே பணம் போகட்டும் என்று மகளும் மகனும் பின்னர் எழுதிக்கொடுத்தார்கள்.

ஆவணங்களில் நேரம் எடுத்தது வாரிசுச் சான்றுதான். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணைகள் முடிந்து, தண்டையார்பேட்டை வட்டாட்சியர் வழங்கும் சான்று அது. இறந்தவரின் தாய் முன்பே இறந்ததற்கும் ஆதாரம் தேவைப்பட்டது. அவருடைய இறப்பு மாநகராட்சியில் பதிவாகியிருந்ததால் சான்றை இணையத்திலிருந்தே எடுக்க முடிந்தது. மற்றவை வழக்கமானவை: பத்திரம் தொலைந்ததற்கு முத்திரைத்தாளில் ஈட்டுறுதி (பின்னால் இழப்பு வந்தால் ஈடுசெய்வதாக எழுதித்தரும் உறுதி), இரண்டு பெயர்களும் இரண்டு பிறந்த தேதிகளும் ஒரே நபருடையவை என்று நோட்டரி முன் உறுதிமொழி, ரத்து செய்த காசோலை, அடையாளச் சான்றுகள். தொகை சிறியது என்பதால் நீதிமன்றத்தின் வாரிசுரிமைச் சான்றிதழ் கேட்கப்படவில்லை. வாரிசுச் சான்றும் ஈட்டுறுதியும் ஏற்கப்பட்டன. பெரிய தொகையானாலோ வாரிசுகளிடையே தகராறு இருந்தாலோ நீதிமன்றம் போக வேண்டியிருக்கும்.

இடையில் ஒரு தொல்லை வந்தது. தெருவில் செய்தி பரவியதும், காப்பீட்டு ஆணையத்திலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவர், பெரிய தொகை ஒன்று அனுமதியாகியிருக்கிறது, ஜி.எஸ்.டி.யாக ஒரு பங்கை முன்னால் கட்டினால் விடுவிக்கலாம் என்று மனைவியைக் கைபேசியில் அழைத்தார். ஆணையம் யாருக்கும் போனஸ் தருவதுமில்லை, பாலிசித் தொகையை விடுவிப்பதுமில்லை. கோரிக்கையை ஏற்கப் பணம் கேட்பவர் எவரானாலும் மோசடிக்காரரே. மகன் அருகில் இருந்ததால் இணைப்பைத் துண்டித்தார்கள்.

ஐந்து மாதப் பிடித்தம்

ஒரு விவகாரம் மட்டும் மிச்சம் நின்றது. சம்பளச் சீட்டுகளின்படி 2002 செப்டம்பர் முதல் 2003 ஜனவரி வரையிலும் 173 ரூபாய் பிடிக்கப்பட்டிருக்கிறது. பாலிசிப் பதிவிலோ ஆகஸ்டோடு தவணை நின்றுவிட்டது. அதாவது, மூடும் தறுவாயில் இருந்த தொழிற்சாலை ஐந்து மாதப் பிடித்தத்தைச் செலுத்தாமலே விட்டிருக்கிறது. சம்பளச் சேமிப்புத் திட்டத்தில் பிரீமியத்தை வசூலிக்கும் முதலாளி காப்பீட்டுக் கழகத்தின் முகவராகவே செயல்படுகிறார் என்று 1999-இல் டெல்லி மின்வழங்கல் நிறுவனத்துக்கும் பசந்தி தேவிக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அந்தக் காலகட்டத்தில் தொழிலாளி இறந்திருந்தால், பாலிசி நடப்பில் இருந்ததா இல்லையா என்பதற்கே இந்தத் தீர்ப்பு அடிப்படையாகியிருக்கும். 19,000-க்கும் 50,000-க்கும் உள்ள வேறுபாடு அதைப் பொறுத்தது. இவர் அதன்பின் இருபது ஆண்டுகள் வாழ்ந்துவிட்டார் என்பதால், இங்கே கேள்வி 114 தவணைக்குப் பதில் 119 என்று கணக்கிடுவது மட்டுமே: பெய்டு-அப் மதிப்பில் 833 ரூபாயும், சிறிது போனஸும்.

இதற்காக முழுக் கோரிக்கையையும் நிறுத்திவைக்க வேண்டாம் என்று ஆலோசனை சொன்னேன். பதிவில் உள்ளபடி தொகையைப் பெற்றுக்கொண்டு, சம்பளச் சீட்டுகளின் நகல்களோடு தனி மனு ஒன்றைக் கிளையில் கொடுத்து ஒப்புகை வாங்கப்பட்டது. தொகை மனைவியின் கணக்குக்கு வந்துவிட்டது. தனி மனு பரிசீலனையில் இருக்கிறது. பதில் வந்து அது ஏற்க முடியாததாக இருந்தாலோ, ஒரு மாதமாகியும் பதிலே வராவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அவருடைய சென்னை அலுவலகம் தேனாம்பேட்டையில் இருக்கிறது. 833 ரூபாய்க்காக அவ்வளவு தூரம் போவதா என்று மனைவி தயங்குகிறார். மகனுக்குப் போக வேண்டும் என்றிருக்கிறது.

எர்ணாவூர்ப் பெரியவர் தன் பாலிசியை 2018-லேயே முடித்துப் பணம் வாங்கிவிட்டவர். அன்று அவர்களோடு சேர்த்து எழுதப்பட்ட மற்றவர்களின் பெயர்களையும் டோக்கன் எண்களையும் நினைவிலிருந்து ஒரு தாளில் எழுதி, மகனிடம் கொடுத்திருக்கிறார். அவர்களில் பலர் பத்திரத்தையே பார்த்து ஆண்டுகள் ஆகியிருக்கும். பள்ளிச் சான்றிதழின் பிறந்த தேதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அந்தத் தாளில் உள்ளவர்களின் வீடுகளுக்கு மகன் போக ஆரம்பித்திருக்கிறார்.